குட்டித் துப்பாக்கிக்கு எதுக்குங்க மேக்னம்?

மக்களே, இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுல புகைஞ்சுகிட்டு இருக்குற ஒரு விஷயத்தை இங்க கொட்டிடறேன். படிச்சுட்டு திட்டணும்னா தாராளமா திட்டுங்க. ஆனா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் தற்காப்புக்குன்னு கைத்துப்பாக்கி வாங்குற நம்ம ஆட்கள்ல பாதிப் பேர் கடைசியில் வந்து நிக்கிற இடம், கைக்குள் அடங்குற குட்டை மூக்கு ரிவால்வர். ஐந்து தோட்டா, ரெண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், பேன்ட் பாக்கெட்டில் போட்டா தெரியாத எடை. நல்ல கருவிதான், குறை சொல்ல வரலை. அதுக்குள்ள என்ன தோட்டா போடறதுங்குற கேள்விக்கு கடைக்காரரில் இருந்து கூட வேலை பார்க்குறவர் வரைக்கும் ஒரே பதிலைச் சொல்றாங்க பாருங்க, "கிடைக்கிறதுலயே பலமானதைப் போடு"ன்னு, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான் சொல்றது நேர் எதிர். எடை குறைஞ்ச குட்டை ரிவால்வரில் மேக்னம் போடுறது வீரம் இல்லை, வெட்டி உதார். முக்கால்வாசிப் பேருக்கு அதுல சரியான தோட்டா, அலமாரியில் கடைசித் தட்டில் 'டார்கெட்' பெட்டிகளோட கிடக்குற மெதுவான .38 ஸ்பெஷல்தான். இதை வெறுமனே வாய் வார்த்தையா சொல்லிட்டுப் போகலை, கணக்கு போட்டுக் காட்டறேன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. .38 ஸ்பெஷல் 1890-களின் கடைசியில் வந்த தோட்டா. .357 மேக்னம் 1930-களின் நடுவில் வந்தது. வந்தப்போ அது எதுக்காக வந்துச்சுன்னு பாருங்க, ஒரு கிலோவுக்கும் மேல எடை இருக்குற, நீளக் குழல் வச்ச, பெரிய இரும்பு ரிவால்வருக்காக. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஐந்து தோட்டா பிடிக்கிற குட்டி ரிவால்வரை 1950-ல் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'ங்குற பேர்ல கொண்டு வந்தது. அது .38 ஸ்பெஷலுக்காகச் செஞ்ச துப்பாக்கி. அப்புறம் அலுமினியக் கலவையில் 'ஏர்வெயிட்' வந்தது. அதுக்கும் அப்புறம் ஸ்காண்டியம் கலந்த சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் வந்துச்சு. எடை குறையக் குறைய, தோட்டா மட்டும் பலமாகிக்கிட்டே போச்சு. இன்னிக்கு 340 பி.டி.ன்னு ஒரு மாடல், சுமார் 330 கிராம். அதுக்குள்ள .357 மேக்னம் போடலாம். போடலாம்ங்குறதுக்காகப் போடணுமா?

சிலிண்டர் தாங்குற அழுத்தத்துக்கு அமெரிக்காவில் ஒரு தர நிர்ணயம் இருக்கு. சாதாரண .38 ஸ்பெஷலுக்கு 17,000 பி.எஸ்.ஐ. அதுலயே கொஞ்சம் முறுக்கேத்தின 'ப்ளஸ் பி'க்கு 20,000. .357 மேக்னத்துக்கு 35,000. அதாவது ரெண்டு மடங்கு. இரும்பு தாங்கும், டைட்டானியமும் தாங்கும். உங்க மணிக்கட்டுக்கு யாரு தர நிர்ணயம் பண்ணா?

சரி, கணக்குக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். குண்டு முன்னாடி போற உந்தம் எவ்வளவோ, அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்னாடி. வெடிமருந்து வாயுவை இப்போதைக்கு விட்டுடுவோம்.

முதல் கணக்கு: 148 கிரெயின் வாட்கட்டர். எடை 9.6 கிராம். குட்டைக் குழலில் நொடிக்கு 640 அடி, அதாவது சுமார் 195 மீட்டர்னு வச்சுக்குங்க. 425 கிராம் ஏர்வெயிட்டில் சுட்டா துப்பாக்கி நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் உங்க கையை இடிக்கும். ஆற்றல் சுமார் 4 ஜூல்.

ரெண்டாவது: 135 கிரெயின் ப்ளஸ் பி, நொடிக்கு 860 அடி. அதே துப்பாக்கி. 5.4 மீட்டர் வேகம், 6 ஜூல்.

மூணாவது: 158 கிரெயின் மேக்னம், குட்டைக் குழலில் 1,050 அடின்னு வச்சுக்குவோம். 330 கிராம் ஸ்காண்டியம் துப்பாக்கி. கிட்டத்தட்ட 10 மீட்டர் வேகம், 16 ஜூல்.

நாலு எங்க, பதினாறு எங்க! இதுல வாயுவையும் சேர்த்தா மேக்னத்தோட நிலைமை இன்னும் மோசம், ஏன்னா அதுல வெடிமருந்தே வாட்கட்டரைவிட நாலைந்து மடங்கு அதிகம். அதே மேக்னத்தை 1.1 கிலோ இரும்பு ரிவால்வரில், நாலு அங்குலக் குழலில் சுட்டா, கையில் விழுற ஆற்றல் 7 ஜூல்தான். புரியுதுங்களா? தோட்டா கெட்டதில்லை, அது இருக்குற வீடுதான் பத்தலை. லாரி என்ஜினைத் தூக்கி மொபெட்டில் வச்சுட்டு, "பிக்கப் பாத்தியா மாப்ள"ன்னு கேக்குற கதை.

இன்னொரு கொடுமை இருக்கு. இந்தக் குட்டி ரிவால்வர்களை டபுள் ஆக்‌ஷனில்தான் சுடணும். விசையை இழுக்கச் சுமார் 12 பவுண்டு, அதாவது அஞ்சரை கிலோ விசை வேணும். துப்பாக்கி எடையோ அரைக் கிலோகூட இல்லை. தன் எடையை விடப் பன்னிரண்டு மடங்கு பலத்தோட ஒரு பொருளை ஒரு விரலால் இழுக்கணும், அப்படி இழுக்கும்போது அது ஆடக்கூடாது. தோட்டா எதுவா இருந்தாலும் இதுவே பெரிய வித்தை. இதுக்கு மேல அடுத்த உதை எப்படா வரும்னு கை முன்கூட்டியே பயந்து குனிஞ்சா, குண்டு எங்க போகும்? தரைக்குப் போகும், இல்லேன்னா பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இங்க வீடெல்லாம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மரச்சட்டம், ரெண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. நம்ம ஊர் செங்கல் சுவர்னு நினைச்சுக்காதீங்க. .38 ஸ்பெஷலே அந்தச் சுவரைத் தாண்டிப் போகும், மேக்னம் கேக்கவே வேணாம். அபார்ட்மெண்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோட குழந்தை தூங்குதுன்னு நமக்குத் தெரியாது. குறி தவறின குண்டும் எங்கயோ ஒரு இடத்துல போய் நின்னுதான் ஆகணும். அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. நான் இவ்வளவு சூடா எழுதுறதுக்குக் காரணமே இதுதான். பலமான தோட்டாங்குறது உங்க சொந்த விருப்பம் மட்டும் இல்லைங்க, நாலு பேர் உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ராத்திரி ஷிஃப்ட் பார்க்குற நர்ஸ். பார்க்கிங் லாட்டில் ரெண்டு தடவை ஒருத்தன் பின்தொடர்ந்து வந்ததால, முறைப்படி பயிற்சி, அனுமதி எல்லாம் முடிச்சு துப்பாக்கி வாங்கப் போனாங்க. கடையில் இருந்த மகானுபாவர், "லேடீஸுக்கு எடை கம்மியா இருக்கணும்"னு சொல்லி இருக்குறதுலயே எடை குறைஞ்சதைக் கையில் கொடுத்துட்டு, "சின்னத் துப்பாக்கி, அதனால தோட்டா பலமா இருக்கணும்"னு ஒரு பெட்டி மேக்னத்தையும் தள்ளி விட்டுட்டார். ரேஞ்சில் ரெண்டே ரெண்டு குண்டு. பெருவிரல் அடியில் தோல் கிழிஞ்சு ரத்தம். மீதி மூணு தோட்டாவைச் சுடவே இல்லை. அன்னிக்கு டிராயரில் போய்ப் பூட்டின துப்பாக்கி எட்டு மாசமா வெளியவே வரலை. "எனக்கு இதெல்லாம் ஒத்து வராது தம்பி"ன்னு சொன்னாங்க. ஒத்து வராதது துப்பாக்கி இல்லைக்கா, அந்த ஆளோட அறிவுரை!

அப்புறம் அதே துப்பாக்கியில் வாட்கட்டர் போட்டுக் கொடுத்தோம். ஏழு கெஜத்தில் ஐந்துக்கு நாலு காகிதத் தட்டில். ரெண்டாவது சுற்றில் ஐந்துக்கு ஐந்து. முகத்தைப் பாக்கணுமே! இப்போ மாசம் ஒரு தடவை போய் ஐம்பது தோட்டா சுட்டுட்டு வர்றாங்க. எடை குறைஞ்ச குட்டி ரிவால்வர் கத்துக்குட்டிக்கான துப்பாக்கி இல்லை மக்களே. சுடறதுக்கு ரொம்பக் கஷ்டமான துப்பாக்கிகளில் அது ஒண்ணு. அதைப் புதுசா வர்றவங்க தலையில், அதுவும் பெண்கள் தலையில் கட்டிட்டு, கூடவே ரொம்பக் கஷ்டமான தோட்டாவையும் கட்டுறது அநியாயம்.

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"வாட்கட்டர் காகிதம் கிழிக்கிற தோட்டாப்பா, ஆளை நிறுத்துமா?" முதல்ல, ஆளைத் தூக்கி எறியிற கைத்துப்பாக்கின்னு ஒண்ணு சினிமாவில் மட்டும்தான் உண்டு. குண்டு எதிராளியைத் தூக்கி எறியணும்னா, நியூட்டன் கணக்குப்படி சுட்டவரையும் தூக்கி எறிஞ்சிருக்கணும். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ரெண்டு ஏஜென்ட்டுகள் செத்த பிறகு, எஃப்.பி.ஐ. இந்த விஷயத்தை உக்காந்து ஆராய்ஞ்சது. 1989-ல் அவங்க பயிற்சிப் பிரிவு வெளியிட்ட அறிக்கையோட சாரம் ரொம்ப எளிமை. கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை முக்கியம் ரெண்டே விஷயம், குண்டு எங்க படுது, எவ்வளவு ஆழம் போகுது. ஜெலட்டின் சோதனையில் குறைஞ்சது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம்னு அளவுகோல் வச்சாங்க. மழுங்கின முகம் உள்ள வாட்கட்டர் மெதுவாப் போனாலும், விரியாம நேராப் போறதால அந்த ஆழத்தைத் தொட்டுடும். பேப்பர் பஞ்ச் மாதிரி முழு விட்டத்துக்கு ஓட்டை போடும். பெரிய வித்தை எதுவும் கிடையாது, சொன்ன வேலையைச் செய்யும்.

"அப்போ ஹாலோ பாயிண்ட்? அது விரியுமே?" விரியும், வேகம் இருந்தா. பெட்டியில் அச்சடிச்சிருக்குற வேகம் பெரும்பாலும் நாலு அங்குலக் குழலில் அளந்தது. உங்க குழலோ 1.875 அங்குலம். வேகம் குறைஞ்சா, முனையில் இருக்குற குழியில் ஜீன்ஸ் துணி அடைச்சுக்கிட்டா, பல .38 ஹாலோ பாயிண்ட் விரியாமலேயே போயிடும். அப்போ அது வெறும் உருண்டை மூக்குக் குண்டு, அவ்வளவுதான். எடை குறைஞ்ச குண்டு விரிஞ்சுட்டாலோ ஆழம் பத்தாமப் போறதும் உண்டு. குட்டைக் குழலுக்குன்னே வடிவமைச்ச தோட்டாக்கள் இருக்கு. ஸ்பியர் கம்பெனியோட 135 கிரெயின் கோல்ட் டாட் அப்படி வந்ததுதான், நல்ல தோட்டாதான். உங்க கைக்கு அது சரிப்பட்டா போடுங்க, நான் தடுக்கலை. ஆனா 'விரியும்'ங்குற விளம்பரத்தை நம்பி, உங்க கை தாங்காத ப்ளஸ் பி-யை வாங்காதீங்க. விரியிற குண்டு தவறினா அது விரிஞ்ச தவறு.

"சண்டைன்னு வந்தா அட்ரினலின் ஏறும், உதையெல்லாம் தெரியாது." வலி தெரியாம இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா துப்பாக்கி மேல எகிறுறது எகிறத்தான் செய்யும். இயற்பியலுக்கு அட்ரினலின் ஏறாது சாமி. முதல் குண்டுக்கும் ரெண்டாவது குண்டுக்கும் நடுவுல குறியைத் திரும்பக் கீழ இறக்க ஆகுற நேரம், உங்க வீரத்தைப் பார்த்து குறையாது. மொத்தம் இருக்குறதே ஐந்து. அந்த ஐந்தையும் எண்ணி எண்ணிச் செலவு பண்ணணும்.

"ரிவால்வர் ஜாம் ஆகாது, அதனால எதை வேணும்னாலும் போடலாம்." இதுதான் இருக்குறதுலயே ஆபத்தான நம்பிக்கை. எடை குறைஞ்ச ரிவால்வரில் பலமான தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கி வெடுக்குன்னு பின்னாடி வருது. சிலிண்டரில் மீதி இருக்குற தோட்டாக்களோட உறை கூடவே பின்னாடி வருது, ஆனா குண்டு இருந்த இடத்துலயே நிக்கப் பாக்குது. பஸ் சட்டுன்னு கிளம்பினா நாம பின்னாடி சாயுறோமே, அதே சடத்துவம். குண்டு உறையை விட்டு முன்னாடி நழுவி சிலிண்டர் முகத்துக்கு வெளிய எட்டிப் பார்த்துட்டா, சிலிண்டர் சுத்தாது. பிஸ்டலா இருந்தா தட்டி இழுத்துச் சரி பண்ணலாம். இதை அந்த நேரத்துல சரி பண்ண முடியாது. அப்புறம் உங்க கையில் இருக்குறது விலை உயர்ந்த கல்லு. அதுக்கு மேல, டைட்டானியம் சிலிண்டர் உள்ள மேக்னம் மாடலின் குழலிலேயே 120 கிரெயினுக்குக் குறைஞ்ச குண்டு போடாதேன்னு பொறிச்சே வச்சிருக்காங்க. எத்தனை பேர் படிச்சீங்க?

"அப்போ வாட்கட்டரில் குறையே இல்லையா?" இருக்கு, மறைக்கலை. முகம் தட்டையா இருக்குறதால, அவசரத்துல சிலிண்டரில் நுழைக்க மல்லுக்கட்டணும். அதுக்கு வழி, துப்பாக்கிக்குள்ள வாட்கட்டர், மாத்திப் போட வச்சிருக்குற பட்டையில் மூக்கு கூம்பின சாதாரண தோட்டா. ஈயக் குண்டு அழுக்கு பிடிக்கும், துடைச்சு வைங்க. அப்புறம், வெவ்வேறு எடைக் குண்டு வெவ்வேறு உயரத்தில் படும். அதனால எதைத் தூக்கிட்டுப் போறீங்களோ அதையே சுட்டுப் பாருங்க. மெதுவான தோட்டாவோட பெரிய லாபமே இதுதான். பழகுறதும் அதுவே, தூக்கிட்டுப் போறதும் அதுவே. மேக்னம் கோஷ்டி என்ன பண்றாங்க? பழகுறது லேசான .38-ல், தூக்கிட்டுப் போறது மேக்னத்தில். பரீட்சைக்கு ஒரு புத்தகம் படிச்சுட்டு வேற பேப்பர் எழுதப் போற மாதிரி.

அப்போ எப்படித்தான் தேர்ந்தெடுக்கறது? நான் சொல்ற சோதனை ரொம்ப எளிது. சாப்பிடுற காகிதத் தட்டு ஒண்ணு. ஏழு கெஜம் தூரம். தாழ்வா பிடிச்ச கையில் இருந்து தூக்கி, டபுள் ஆக்‌ஷனில், ஐந்து நொடியில் ஐந்து குண்டு. ஐந்தும் தட்டில் விழணும். இதை வாட்கட்டரில் ஆரம்பிங்க. ஒரு தடவை இல்லை, வெவ்வேறு நாளில், மூணு தடவை. தேறினா சாதாரண அழுத்த 158 கிரெயின். அதுலயும் தேறினா ப்ளஸ் பி. எந்தப் படியில் ஒரு குண்டு தட்டை விட்டு வெளிய போகுதோ, அதுக்கு முந்தின படிதான் உங்க தோட்டா. கூடவே நாலு சுட்டுட்டு, சுடாத ஐந்தாவதை வெளிய எடுத்து, புதுத் தோட்டா பக்கத்துல வச்சு நீளம் பாருங்க. குண்டு வெளிய நகர்ந்திருந்தா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் பெட்டி உங்க துப்பாக்கிக்கு ஆகாது. வாட்கட்டரிலேயே தட்டு தப்புதா? அப்போ தோட்டாவை மாத்தாதீங்க, துப்பாக்கியை மாத்துங்க. 600 கிராம் இரும்பு ரிவால்வர் வாங்குங்க, பெல்ட்டில் மாட்டுங்க. எடைங்குறது குறை இல்லை, உதையை வாங்கிக்கிற நண்பன்.

நம்ம மக்களுக்காக ஒரு முக்கியமான சட்ட விஷயம். எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருக்குறவங்க, துப்பாக்கி மட்டும் இல்லை, தோட்டா வச்சிருக்குறதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகுற வேட்டை உரிமம் மாதிரி ஒரு சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. "சும்மா ரேஞ்சுக்குத்தானே"ன்னு நண்பன் கூப்பிட்டா, முதல்ல வக்கீலைக் கேளுங்க. நான் பள்ளிக்கூட வயசுலயே அப்பா வழியா பச்சை அட்டை வாங்கினவன், அதனால எனக்கு அந்தத் தடை இல்லை. ஹாலோ பாயிண்டுக்கே தனியா சட்டம் போட்ட நியூஜெர்சி மாதிரி மாநிலத்தில் இருந்தா, தோட்டா வாங்குறதுக்கு முன்னாடி அந்தச் சட்டத்தையும் ஒரு தடவை படிச்சுடுங்க.

கடைசியா ஒண்ணு. துப்பாக்கி வாங்கறதா வேணாமாங்குறது வேற விவாதம். வேணாம்னு இருக்குறவங்களை நான் மதிக்கிறேன், பல நாள் அவங்க பக்கம்தான் நியாயம் அதிகம்னும் தோணும். ஆனா வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, குழந்தை கைக்கு எட்டாம பூட்டி வைக்கிறது எப்படி கடமையோ, சுட்டது பட வேண்டிய இடத்தில் மட்டும் படணும்ங்குறதும் அதே மாதிரி கடமை. பெட்டி மேல அச்சடிச்ச ஆற்றல் எண்ணைப் பார்த்து நெஞ்சை நிமித்திக்கிறதுல என்ன இருக்கு? அந்த எண் பெட்டிக்குச் சொந்தம். தட்டில் இருக்குற அஞ்சு ஓட்டைதான் உங்களுக்குச் சொந்தம்.

டிஸ்கி: மேக்னத்தை ஐந்து நொடியில் ஐந்தும் தட்டில் போடுற அண்ணன்மார்கள் இருக்கீங்க, தெரியும். உங்களுக்கு என் சல்யூட். இந்தப் பதிவு உங்களுக்கானது இல்லை. ஆனா தயவு செஞ்சு அடுத்தவங்களுக்கு அறிவுரை சொல்லும்போது, உங்க கையைக் கழட்டி அவங்களுக்குக் கொடுக்க முடியாதுங்குறதை மட்டும் மறந்துடாதீங்க :-)